பச்சையாக இருக்கும்போதே வாடும் தக்காளி: பாக்டீரியா செடிக்குள் நுழைவது எப்படி?

பாலக்கோடு பக்கத்தில் தக்காளி வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. காய் பிடிக்கிற பருவத்தில் அவருடைய செடிகள் இலை பழுக்காமலே, பச்சையாக இருக்கும்போதே துவண்டு விழுகின்றன. காப்பர் மருந்து அடித்தார். கடையில் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தும் அடித்தார். பலனில்லை. "இது பாக்டீரியா என்கிறார்கள். பூஞ்சையாவது முளைவிட்டு, இலையைத் துளைத்துக்கொண்டு போகும் என்று படித்திருக்கிறேன். பாக்டீரியாவுக்கு முளையும் கிடையாது, பல்லும் கிடையாது. அப்புறம் எப்படி உள்ளே போகிறது? அடித்த மருந்து ஏன் கேட்கவில்லை? அடுத்த பட்டத்துக்கு அதே நிலத்தில் கத்தரி வைக்கலாமா?"

நல்ல கேள்வி. மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஆனால் முதலில், அது பாக்டீரியா வாடல்தானா என்று நீங்களே உறுதி செய்துகொள்ள வேண்டும். வாடத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் ஆன செடியாகப் பார்த்து, தண்டை மண்ணுக்குச் சற்று மேலே சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். ஒரு விரல் நீளத் துண்டை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, வெட்டுவாய் தண்ணீரில் மட்டும் படும்படி ஆடாமல் பிடியுங்கள். தம்ளருக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கட்டும். பாக்டீரியா வாடல் என்றால் சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழைகள் நேராகக் கீழே இறங்கும். தம்ளரை அசைக்காமல் வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரே கலங்கிவிடும். பூஞ்சை வாடலில் இப்படி இழை இறங்காது. அதில் அடியிலைகள் மஞ்சளாகிக் காய்ந்துகொண்டே மேலே வரும்.

அந்த வெள்ளை இழையில் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கின்றன. கூடவே, அவை தம்மைச் சுற்றிச் சுரந்த கூழும் இருக்கிறது. உங்கள் செடியைக் கொன்றதில் பெரும்பங்கு அந்தக் கூழுக்குத்தான். கிருமியின் உடம்புக்கு வெளியே இருக்கும் உறுப்புகளைப் பற்றித் தெரிந்துகொண்டால் உங்கள் மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். நீந்த ஒன்று, பிடித்து ஏற ஒன்று, செடியின் செல்லுக்குள் புரதத்தைச் செலுத்த ஒன்று, மூடிக்கொள்ள ஒன்று என்று, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே உறுப்பு வைத்திருக்கிறது இந்தக் கிருமி.

இதன் பெயர் ரால்ஸ்டோனியா சொலானசியாரம். 1896இல் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் தக்காளி, கத்தரி, உருளை ஆகியவற்றின் வாடல் நோய்க்குக் காரணம் இதுதான் என்று விவரித்தார். 200க்கும் மேற்பட்ட செடியினங்களைத் தாக்கும். ஒரு கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்குதான். நீங்கள் சொன்னது சரி, பூஞ்சை மாதிரி அழுத்தித் துளைக்கிற சக்தி இதற்கு இல்லை. ஆகவே ஏற்கெனவே திறந்திருக்கும் வழியைத் தேடித்தான் போகும். பக்க வேர் முளைக்கும்போது தாய் வேரின் தோல் லேசாகப் பிளக்கிறது அல்லவா, அது ஒரு வழி. களைக்கொத்து பட்ட வெட்டு ஒரு வழி. வேர்முடிச்சு நூற்புழு குடைந்த புண் இன்னொரு வழி. நூற்புழு இருக்கிற நிலத்தில் வாடல் கூடுதலாக வருவதற்கு இது முக்கியமான காரணம்.

சரி, மண்ணுக்குள் இருக்கும் கிருமிக்கு வேர் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வேர் சும்மா இருப்பதில்லை. சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் என்று எதையாவது மண்ணில் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். கிருமி அந்தக் கசிவை உணர்ந்து, செறிவு கூடும் பக்கமாக நீந்துகிறது. நீந்துவதற்கு அதன் ஒரு முனையில் கசையிழைகள் இருக்கின்றன. ஃபிளாஜெல்லின் என்ற புரதத்தால் ஆன சுருண்ட நீண்ட இழைகள் அவை. அடியில் இருக்கும் நுண்ணிய மோட்டார் அவற்றைச் சுழற்றும்போது கிருமி முன்னே போகிறது.

இந்த இழை எந்தக் கட்டத்தில் தேவைப்படுகிறது என்பதை ஒரு சோதனை தெளிவாகக் காட்டியது. ஃபிளாஜெல்லின் மரபணுவைக் கெடுத்து, நீந்த முடியாத ரால்ஸ்டோனியாவை உருவாக்கினார்கள். அதைத் தக்காளிச் செடியின் மண்ணில் ஊற்றியபோது நோய் வெகுவாகக் குறைந்தது. அதே கிருமியை இலைக்காம்பை வெட்டி நேரடியாகத் தண்டுக்குள் விட்டபோது, சாதாரணக் கிருமிக்குச் சமமாகச் செடியைக் கொன்றது. அதாவது நீச்சல் தேவைப்படுவது செடிக்கு வெளியேதான், வேர் வரைக்கும் வந்து சேர்வதற்குத்தான். உள்ளே போனபின் பெரும்பாலான கிருமிகள் நீந்துவதையே விட்டுவிடுகின்றன. உங்களைப் போல் நிலத்தில் இறங்கி வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சோதனை முக்கியம் என்று நினைக்கிறேன். மண்ணில் போதிய ஈரம் இருக்கும்போதுதான் கிருமியால் நீந்த முடியும். மேல்வயலில் பாய்ந்த தண்ணீர் கீழ்வயலுக்கு இறங்கினால் அது நீந்தக்கூட வேண்டாம், தண்ணீரே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

செடியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. பல பாக்டீரியாக்களின் ஃபிளாஜெல்லினில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அந்தத் துண்டு பட்டாலே 'வேற்றாள் வந்துவிட்டான்' என்று செடியின் செல்லுக்குத் தெரிந்துவிடும். அதை உணரும் ஏற்பியை அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். தக்காளியிலும் அத்தகைய ஏற்பி இருக்கிறது. உணர்ந்தவுடன் செடி செல்சுவரைக் கெட்டிப்படுத்தும், நச்சு ஆக்சிஜனை வெளியிடும். ரால்ஸ்டோனியாவின் ஃபிளாஜெல்லினில் அந்த 22 அமினோ அமிலத் துண்டே மாறிப்போயிருக்கிறது. அதனால் காவலுக்கு நிற்கும் ஏற்பியின் கண்ணில் படாமல் அது உள்ளே வந்துவிடுகிறது.

வேர்நுனியில் இன்னொரு காவலும் உண்டு. வேர்நுனியிலிருந்து உதிரும் செல்கள் டிஎன்ஏ இழைகளை வலையாக வெளியே விட்டு, வருகிற கிருமிகளைச் சிக்கவைக்கின்றன. ரால்ஸ்டோனியா டிஎன்ஏவை வெட்டும் நொதிகளைச் சுரந்து அந்த வலையை அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. இவ்வளவு சின்ன உயிரி எத்தனை ஏற்பாட்டோடு வருகிறது பாருங்கள்.

வேரைத் தொட்டபின் ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பாசனத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். இதற்குக் கசையிழை உதவாது. நான்காம் வகை பைலஸ் என்று அழைக்கப்படும் வேறு இழைகள் இருக்கின்றன. இவை கசையிழையைவிட மெல்லியவை, சுழலாதவை. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டியை விடுகிறோம் அல்லவா, அதுபோல் இழை நீண்டு போய் எதையாவது பற்றிக்கொள்கிறது, பிறகு உள்ளே இழுக்கப்படுகிறது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பற்றிய பொருள் வருவதில்லை, இழுத்த கிருமிதான் அந்தப் பக்கம் நகர்கிறது. நீள்வதற்கு ஒரு மோட்டார், இழுப்பதற்கு இன்னொரு மோட்டார். உயிரியலில் இதுவரை அறியப்பட்ட மிக வலுவான நுண்மோட்டார்களில் இந்த இழுவை மோட்டாரும் ஒன்று. நீந்த முடியாத ஈரப் பரப்பில்கூட, வேரின் மேலும் நீர்க்குழாயின் சுவரிலும், கிருமிகள் இப்படியே இழுத்து இழுத்து முன்னேறும். இந்த இழை இல்லாத ரால்ஸ்டோனியா வேரில் சரியாக ஒட்டுவதில்லை, நோயையும் முழு வேகத்தில் உண்டாக்குவதில்லை.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை இருப்பதிலேயே வியப்பான உறுப்பு. மூன்றாம் வகைச் சுரப்புக் கருவி என்பார்கள். கிருமியின் உள்சவ்வு, வெளிச்சவ்வு இரண்டையும் கடந்து வெளியே நீளும் ஒரு நுண்குழல் அது. குறுக்களவு சுமார் 8 நானோமீட்டர், நடுவில் ஏறத்தாழ 2 நானோமீட்டர் துளை (நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அந்தத் துளை வழியாகக் கிருமியின் புரதங்கள் மடிப்பு அவிழ்ந்த நிலையில் ஒவ்வொன்றாக நுழைந்து, நேராகச் செடியின் செல்லுக்குள் இறங்குகின்றன. மனிதரைத் தாக்கும் சால்மோனெல்லாவிடமும் இதே கருவி உண்டு, ஆனால் அதில் குழல் கட்டையானது. விலங்குச் செல்லுக்குச் சுவர் கிடையாது, எட்டினாலே போதும். செடியின் செல்லுக்குக் கனத்த சுவர் இருப்பதால் பயிர் நோய்க்கிருமிகளின் குழல் பல மடங்கு நீளமாக, மைக்ரோமீட்டர் கணக்கில் வளர்கிறது. இந்தக் கருவியின் அடிப்பகுதியும் கசையிழையின் அடிப்பகுதியும் ஒரே பரம்பரையில் வந்தவை. நீந்துவதற்கான உறுப்பும் செடிக்குள் புரதம் செலுத்துவதற்கான உறுப்பும் உறவுக்காரர்கள்.

உள்ளே போகும் புரதங்கள் என்ன செய்கின்றன? முக்கியமாக, செடியின் எச்சரிக்கை மணியை அணைக்கின்றன. ரால்ஸ்டோனியாவின் பல வகைகளில் இப்படிப்பட்ட புரதங்கள் எழுபது அளவுக்கு இருக்கின்றன. பிரெஞ்சு கயானாவில் ஒரு தக்காளிச் செடியிலிருந்து எடுத்த வகையின் முழு மரபணுத் தொகுப்பு 2002இல் வெளியானது. அதற்குப் பிறகுதான் இந்தப் பட்டியல் இவ்வளவு நீளம் என்று தெரிந்தது. இந்தக் கருவியைக் கெடுத்துவிட்டால் கிருமியால் நோய் உண்டாக்கவே முடிவதில்லை.

இனி கூழுக்கு வருவோம். வேரின் புறப்பகுதியைக் கடந்து, சைலம் என்ற நீர்க்குழாய்களுக்குள் இறங்கியதும் கிருமி பெருகத் தொடங்குகிறது. பெருகும்போது ஒவ்வொன்றும் ஒரு கொழுப்பு சார்ந்த சமிக்ஞைப் பொருளை வெளியே விடுகிறது. கூட்டம் மில்லிலிட்டருக்கு ஒரு கோடி என்ற அளவை எட்டும்போது அந்தப் பொருளும் போதிய அளவு சேர்ந்து, 'நாம் இப்போது பெரும் கூட்டம்' என்று எல்லாக் கிருமிகளுக்கும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு ஒட்டுமொத்தமாகப் போக்கை மாற்றுகின்றன. கூட்டுச் சர்க்கரையால் ஆன கெட்டியான கூழை அள்ளி அள்ளிச் சுரக்கின்றன. நீர்க்குழாய் அடைபடுகிறது. வேருக்கு அருகே தண்ணீர் இருக்கும், இலைக்கு ஏறாது. செடி பச்சையாகவே வாடுவது இதனால்தான். முதல் நாள் மதியம் வாடி, மாலையில் நிமிர்ந்து, மூன்றாம் நாள் நிமிராமலே போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டெட்ரசோலியம் என்ற உப்பு கலந்த ஊடகத்தில் ரால்ஸ்டோனியாவை வளர்ப்பது வழக்கம். 1954இல் ஆர்தர் கெல்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த முறையைக் கொண்டுவந்தார். நோய் உண்டாக்கும் கிருமியின் குடியிருப்பு, அதாவது ஒரே இடத்தில் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் கூட்டம், பெரிதாக, ஒழுங்கற்ற ஓரத்தோடு, வெள்ளையாக, நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும். தட்டைச் சாய்த்தால் வழிந்து ஓடும். அதே கிருமியைத் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்தால், சில குடியிருப்புகள் சிறிதாக, உருண்டையாக, அடர்சிவப்பாக மாறிவிடும். சாய்த்தாலும் நகராது. அவை கூழ் சுரப்பதை நிறுத்திவிட்டவை. அவற்றைத் தக்காளியில் விட்டால் செடி பெரும்பாலும் வாடுவதில்லை. அந்தச் சிவப்புப் புள்ளியையும் வழியும் வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாருக்கும், கூழ்தான் இந்த நோயின் உயிர்நாடி என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

மருந்து ஏன் கேட்கவில்லை என்பதற்கு இப்போது வருகிறேன். காப்பர் இலைமேல் தங்கி, தொட்ட கிருமியைக் கொல்லும் மருந்து. இலைப்புள்ளி நோய்க்கு அது ஓரளவு காவல். நீர்க்குழாய்க்குள் கூழுக்கு நடுவே இருக்கும் கிருமியை அது தொடவே தொடாது. ஸ்ட்ரெப்டோமைசினில் இலை வழியாகச் சொற்பம் உள்ளே போனாலும், வேர்ப்பக்கத்துக் குழாய்களுக்குப் போதுமான அளவு இறங்குவதில்லை. மேலும் அது மனிதரின் காசநோய்க்காகக் கண்டுபிடித்த மருந்து. வயலில் அதை அடித்துப் பழக்கினால் அதற்கு அசையாத பாக்டீரியாக்கள் மண்ணில் பெருகும். அந்த எதிர்ப்புத் திறனை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றவும் செய்யும். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்காகவாவது அந்த மருந்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். வாடிய செடியைக் காப்பாற்ற மருந்து எதுவும் இல்லை. இதை யார் மறுத்துச் சொல்லி விற்றாலும் வாங்க வேண்டாம்.

நம் பகுதியின் வேறு பயிர்களிலும் இதே உறுப்புகள் வேறு வேறு அளவில் வேலை செய்கின்றன. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் மழையும் காற்றும் சேர்ந்து வந்தபின், மாவிலையில் நரம்புகளுக்கு இடையே கோணல்மாணலான கரும்புள்ளிகள் வரும், காயில் தோல் வெடித்துப் பிசின் கசியும். அது சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. 1948இல் இந்திய ஆய்வாளர்கள் அதை விவரித்தார்கள். அது இலைத்துளை வழியாகவும் காற்றில் கிளை உரசிய காயங்கள் வழியாகவும் நுழைகிறது. கோஸில் இலை ஓரத்திலிருந்து உள்நோக்கி மஞ்சள் முக்கோணமாகக் காய்ந்து வரும் கருப்பழுகலும் அதன் உறவுதான். காலையில் இலை ஓரத்தில் நிற்கும் நீர்த்துளி உள்ளே திரும்ப இழுக்கப்படும்போது அதோடு சேர்ந்து போகிறது. அந்தக் கோஸ் கிருமி சுரக்கும் கூழைத்தான் தொழிற்சாலையில் வளர்த்துப் பிரித்தெடுத்து, சாந்தன் கம் என்ற பெயரில் விற்கிறார்கள். பல சாஸ் பாட்டில்களின் பின்பக்கம் 415 என்ற எண் இருக்கும், அது இதுதான். கிருமி நீக்கிச் சுத்தம் செய்த கூழ் என்பதால் உண்பதற்குப் பயம் இல்லை. மிகக் கொஞ்சம் கலந்தாலே நீரைக் கெட்டியாக்கிவிடும் என்பதற்காகவே சேர்க்கிறார்கள். அதே குணம் ஒரு செடியின் நரம்புக்குள் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓசூர் ரோஜாக்காரர்கள் அறிந்த கழலை நோய் இன்னொரு வகை. அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வெட்டுக்காயத்திலிருந்து கசியும் பீனால் பொருளை உணர்ந்து வந்து, வேறொரு பைலஸ் கொண்ட கருவியின் உதவியால் தன் டிஎன்ஏவிலேயே ஒரு துண்டைச் செடிக்குள் செலுத்துகிறது. செடியே அதற்குக் கழலை கட்டிக்கொடுக்கிறது. கவாத்துக் கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி துடைத்துக் கிருமிநீக்கம் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

இனி உங்கள் நிலத்தில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். உள்ளே போனபின் செய்ய ஒன்றுமில்லை என்பதால், நீந்துகிற கட்டத்திலும் ஒட்டுகிற கட்டத்திலும்தான் தடுக்க முடியும். வாய்க்கால் பாசனத்தை விட்டுச் சொட்டுநீருக்கு மாறினால் ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஓட்டம் வெகுவாகக் குறையும். மேட்டுப்பாத்தி போட்டு நீர் தேங்காமல் பாருங்கள். வாடிய செடியை வேர்மண்ணோடு எடுத்து, வரப்பிலோ வாய்க்காலிலோ போடாமல் தள்ளிக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள். காய் பிடித்தபின் செடிக்கு அருகே ஆழமாகக் கொத்த வேண்டாம். வரப்பில் நிற்கும் மணத்தக்காளியும் ஊமத்தையும் இந்தக் கிருமிக்குத் தங்கும் வீடுகள், அவற்றையும் விடாதீர்கள். நூற்புழு இருந்தால் துலுக்கச் சாமந்தி ஒரு போகம் போடுவது நல்லது. நம் பக்கம் அதற்குச் சந்தையும் இருக்கிறது.

சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை ஹெக்டேருக்கு 2.5 கிலோ, 50 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து போடச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகத்தின் வழக்கமான பரிந்துரை. அதுவும் கசையிழையால் நீந்தித்தான் வேரைப் பிடிக்கிறது. ஆகவே நடவுக்கு முன்பே, ஈர மண்ணில் போட்டால்தான் கெட்டதற்கு முன் நல்லது இடம் பிடிக்கும். வாடத் தொடங்கியபின் ஊற்றுவதில் பயன் இல்லை. ரகத்தில், பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், அர்கா சாம்ராட் இரண்டும் பாக்டீரியா வாடலுக்கும் எதிர்ப்பு உள்ளவை. ஆனால் எதிர்ப்பு ரகம் என்றால் கிருமி உள்ளே நுழையவே நுழையாது என்று பொருள் இல்லை. தண்டுக்குள் அதன் ஏற்றத்தை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். நன்றாக நிற்கிற செடியின் வேரிலும் கிருமி இருக்கலாம். அந்த வயலின் தண்ணீரையும் பக்கத்து வயலுக்குத் திருப்பாதீர்கள்.

கத்தரி வைக்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு, சாதாரண நாற்று என்றால் வேண்டாம். கத்தரி, மிளகாய், உருளை மூன்றும் தக்காளியின் குடும்பம், மண்ணில் காத்திருக்கும் கிருமிக்கு அவையும் சாப்பாடுதான். ராகி, சோளம், மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிர்களை இது தாக்குவது அபூர்வம். ஒரு பட்டத்தோடு நிறுத்தாமல் அவற்றை வைத்தால் மண்ணில் கிருமியின் எண்ணிக்கை இறங்கும். கத்தரிதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால் சுண்டை வேரில் ஒட்டுக்கட்டிய நாற்றைக் கேளுங்கள். சுண்டையின் வேர் இந்தக் கிருமிக்கு நன்றாக ஈடுகொடுக்கும். பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்தால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மண் அணைக்கிற ஆட்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒட்டை மூடிவிட்டால் மேலே இருக்கும் கத்தரித் தண்டு மண்ணில் தன் வேரை இறக்கும், கிருமி அந்த வேர் வழியாக ஏறிவிடும்.